குளிர்நீர்க் குளியல் (விளையாட்டு மருத்துவம்)

கடும் பயிற்சியோ போட்டியோ முடிந்த கையோடு, இடுப்பளவோ மார்பளவோ குளிர்ந்த நீரில் சில நிமிடங்கள் அமர்ந்து உடலைத் தேற்றிக்கொள்ளும் முறை குளிர்நீர்க் குளியல். ஆய்வாளர்கள் இதைக் குளிர்நீர் அமிழ்வு என்பார்கள். வீரர்களின் பேச்சில் இது ஐஸ் பாத். நீரின் வெப்பநிலை பெரும்பாலும் 10 முதல் 15 டிகிரி செல்சியஸ், நேரம் 10 முதல் 15 நிமிடம். கால்பந்து, ரக்பி, கிரிக்கெட், நெடுந்தூர ஓட்டம், மிதிவண்டிப் பந்தயம் எனப் பல விளையாட்டுகளில் இதற்கான தொட்டி இப்போது வழக்கமான பொருளாகிவிட்டது.

இதன் பயனைப் பற்றி ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல முடியாது. நாளை மறுபடி ஆட வேண்டியவருக்கு இது கைகொடுக்கிறது. தசையை வளர்க்க மாதக்கணக்கில் எடை தூக்குபவருக்கோ, அவர் பட்ட பாட்டின் பலனில் ஒரு பங்கை இதே குளியல் குறைத்துவிடுகிறது. வெயிலில் ஓடி, உடல் கொதித்து, நினைவு தப்பி விழுந்தவருக்கு இதுவே உயிர்காக்கும் மருத்துவம். இம்மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் “ஐஸ் பாத் நல்லதா, கெட்டதா” என்று கேட்பதால்தான் இத்தனை குழப்பம்.

வரலாறு

குளிர்ந்த நீரை மருந்தாகக் கொள்ளும் வழக்கம் மிகப் பழையது. ரோமானியர்களின் பொதுக் குளியலகங்களில் வெந்நீர் அறையைத் தாண்டிக் குளிர்நீர் அறையும் இருந்தது. லிவர்பூலில் மருத்துவம் பார்த்த ஜேம்ஸ் கரி, காய்ச்சல்காரர்கள் மேல் குளிர்நீர் ஊற்றி, வெப்பமானியால் உடல்வெப்பத்தை அளந்து, அந்தக் குறிப்புகளை 1797-இல் நூலாக்கினார். 19-ஆம் நூற்றாண்டில் இன்றைய செக் நாட்டிலுள்ள கிரேஃபென்பெர்க்கில் வின்சென்ஸ் பிரீஸ்னிட்ஸும், பவேரியாவில் செபாஸ்டியன் நைப் என்ற பாதிரியாரும் நீர்ச்சிகிச்சையை ஐரோப்பா முழுதும் பரப்பினார்கள். நைப்பின் நூல் 1886-இல் வெளிவந்தது. இவர்கள் யாரும் விளையாட்டு வீரர்களை மனத்தில் வைத்து எழுதியவர்கள் அல்லர்.

விளையாட்டில் பனிக்கட்டிக்குப் பெரிய இடம் தேடித்தந்தவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தக்கட்டு, அடிபட்ட உறுப்பை உயர்த்திவைத்தல் என்ற நான்கு படிகளை 1978-இல் தம் நூலில் அவர் வகுத்துத் தந்தார். பள்ளி விளையாட்டு ஆசிரியர் முதல் ஒலிம்பிக் அணியின் மருத்துவர் வரை எல்லோரும் அதைக் கைக்கொண்டார்கள். பல ஆண்டுகள் கழித்து, பனிக்கட்டியும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று மிர்கினே எழுதினார். முதலில் சொன்னது பரவிய அளவுக்கு இந்தத் திருத்தம் பரவவில்லை. முழு உடலையும் தொட்டியில் இறக்கும் பழக்கம் 2000-க்குப் பின் வேகம் பிடித்தது. 2002-இல் மியூனிக்கில் நடந்த ஐரோப்பியத் தடகளப் போட்டியில் 10,000 மீட்டர் ஓட்டத்தை வென்ற பிரிட்டன் வீராங்கனை பவுலா ராட்கிளிஃப், தம் ஐஸ் குளியலைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். அது பத்திரிகைகளில் வந்து, சாதாரண ஓட்டக்காரர்களையும் எட்டியது.

உடலில் நடப்பது

காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். 15 டிகிரி காற்றில் ஒருவர் அரைக்கைச் சட்டையோடு உலாவலாம். 15 டிகிரி நீரில் இறங்கிய கணமே மூச்சு வாங்கும். தோலை ஒட்டிய இரத்தக் குழாய்கள் சுருங்கி, இரத்தம் உடலின் நடுப்பகுதிக்குத் திரும்புகிறது. நார்அட்ரினலின் சுரப்பு எகிறுகிறது. 14 டிகிரி நீரில் ஒரு மணி நேரம் அமர்ந்தவர்களின் இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ 6 மடங்கானது என்று 2000-இல் வெளியான செக் ஆய்வு ஒன்று காட்டியது. குளியலிலிருந்து எழுந்ததும் வீரர்கள் உணரும் சுறுசுறுப்புக்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

வலி குறைவது பெரிதும் நரம்பின் வேலை. தோல் குளிரக் குளிர, நரம்புகள் செய்தி கடத்தும் வேகம் தளர்கிறது. கணுக்காலில் தோலின் வெப்பநிலையை 10 டிகிரிக்கு இறக்கியபோது அந்த வேகம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வலியைத் தாங்கும் திறனும் அதே நேரத்தில் கூடியது. ஆக, குளியலை முடித்து எழுந்த உடனே கிடைக்கும் இதத்தை வைத்துத் தசை சீராகிவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது.

குளிரோடு சேர்ந்து நீரின் அழுத்தமும் வேலை செய்கிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் நீர் தரும் அழுத்தம் பாதரச அளவில் ஏறத்தாழ 74 மில்லிமீட்டர். நலமான ஒருவரின் இரத்த அழுத்தத்தில் கீழ் எண்ணுக்கு இது அருகில் வருகிறது. நின்றபடி மார்பளவு நீரில் இறங்கினால் இந்த அழுத்தம் கால்களைச் சுற்றிலும் இறுக்கி, அங்கே தேங்கிய நீர்மத்தை மார்பை நோக்கித் தள்ளுகிறது. இதயம் ஒரு துடிப்புக்கு வெளியேற்றும் இரத்தத்தின் அளவு கூடுகிறது; சிறுநீரும் அதிகம் பிரிகிறது. வெதுவெதுப்பான நீரிலும் இது நடக்கும் என்பதால், ஐஸ் குளியலின் பலன் எல்லாவற்றையும் குளிரின் கணக்கில் எழுத முடியாது.

தசையின் உட்பகுதி தோலைவிட மிக மெதுவாகக் குளிர்கிறது. குளியலை முடித்து வெளியே வந்த பிறகும் அதன் வெப்பம் சிறிது நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும். தோலுக்கடியில் உள்ள கொழுப்பு, குளிர் உள்ளே இறங்குவதைத் தடுக்கும் போர்வை. ஒல்லியான மாரத்தான் ஓட்டக்காரருக்கும் நூறு கிலோவைத் தாண்டிய ரக்பி வீரருக்கும் ஒரே வெப்பநிலை, ஒரே நேரம் என்று அணி முழுவதற்கும் ஒரு விதி போடுவது அதனால் சரிவராது.

“லாக்டிக் அமிலத்தைக் கழுவி வெளியேற்றுகிறது” என்ற விளக்கம் இன்றும் உடற்பயிற்சிக் கூடங்களில் கேட்கிறது. அது தவறு. பயிற்சியில் உருவாகும் லாக்டேட், எந்தக் குளியலும் இல்லாமலேயே ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மறுநாள் காலையில் மாடிப்படி இறங்கும்போது தொடையில் வரும் வலிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

தசைவலியும் சோர்வும்

அந்த மறுநாள் வலியை 1902-இல் பாஸ்டனில் தியோடர் ஹஃப் முறையாக விவரித்தார். தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்கும் அசைவுகள்தாம் அதை அதிகம் உண்டாக்குகின்றன: இறக்கத்தில் ஓடுவது, எடையோடு மெல்லக் குந்தி அமர்வது, வேகப் பந்துவீச்சாளர் முன்காலை ஊன்றி நிறுத்துவது. வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொட்டுத் தானே தணியும்.

இந்த வலியைத்தான் குளிர்நீர் குறைக்கிறது. 2012-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, மொத்தம் 366 பேர் பங்கேற்ற 17 சிறிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. சும்மா ஓய்வெடுத்தவர்களைவிடக் குளிர்நீரில் இறங்கியவர்களுக்கு அடுத்தடுத்த நாள்களில் வலி குறைவாக இருந்தது. 2016-இல் வந்த மற்றொரு தொகுப்பாய்வு 11 முதல் 15 டிகிரி நீரில் 11 முதல் 15 நிமிடம் என்ற அளவே வலிக்கு மிக ஏற்றது என்று கண்டது. நீர் எவ்வளவு உறைபனிக்கு அருகே போகிறதோ அவ்வளவு நல்லது என்ற நம்பிக்கைக்கு இதில் ஆதாரமில்லை. பனிக்கட்டி மிதக்கும் தொட்டியில் பல்லைக் கடித்து உட்காருவது மனவுறுதிக்குச் சான்றாகலாம். தசைக்கு அதனால் கூடுதல் நன்மை காட்டப்படவில்லை. 2022-இல் வந்த விரிவான தொகுப்பாய்வில், கடும் பயிற்சிக்கு 24 மணி நேரத்துக்குப் பிறகு தாவுதல் போன்ற வெடிப்புத்திறன் ஓரளவு விரைவாக மீள்வதும் தெரிந்தது.

இந்த முடிவுகளை எடைபோடும்போது ஒன்றை மறக்கக் கூடாது. மருந்து ஆய்வில் மாத்திரையையும் போலி மாத்திரையையும் அடையாளம் தெரியாமல் கொடுக்கலாம். குளிர்ந்த நீரை யாரிடமிருந்தும் மறைக்க முடியாது. மெல்போர்னில் ஜேம்ஸ் பிராட்சும் அவருடைய குழுவினரும் 2014-இல் இதற்கு அழகான வழி ஒன்று கண்டார்கள். கடுமையான அதிவேகப் பயிற்சிக்குப் பிறகு 30 இளைஞர்களில் சிலரை ஏறத்தாழ 10 டிகிரி நீரிலும், சிலரை உடல்வெப்பத்துக்கு நெருங்கிய நீரிலும், மீதிப் பேரை அதே வெதுவெதுப்பான நீரில் சாதாரணத் தோல்சுத்தி நீர்மம் கலந்தும் 15 நிமிடம் அமரவைத்தார்கள். தோல்சுத்தி கலந்த நீரில் இருந்தவர்களிடம், அது தசையைத் தேற்றும் எண்ணெய் என்று சொல்லப்பட்டது. அவர்களின் கால்வலிமை குளிர்நீரில் இருந்தவர்களுக்கு இணையாக மீண்டது. வெறும் வெதுவெதுப்பான நீரில் இருந்தவர்கள் பின்தங்கினார்கள். இதை வைத்துக் குளிர்நீரை ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிடுவது அவசரம். வலி என்பதே மூளை தரும் தீர்ப்பு; நம்பிக்கையால் குறையும் வலியும் குறைந்த வலிதான். ஆனால், குளிரை வெறுக்கும் வீரரை வற்புறுத்தித் தொட்டியில் இறக்கும் பயிற்சியாளர், கிடைக்கும் பலனில் ஒரு பகுதியைத் தாமே கெடுக்கிறார் என்று இதிலிருந்து ஊகிக்கலாம்.

தசை வளர்ச்சிக்குத் தடை

எடைப் பயிற்சி தசையில் சிறு சேதத்தையும் அழற்சியையும் உண்டாக்குகிறது. உடல் அதைச் சரிசெய்யும்போது முன்பைவிடத் தடித்த, வலிமையான தசையைக் கட்டுகிறது. பயிற்சி என்பதே அந்தத் தொல்லையை வேண்டுமென்றே உடலுக்குக் கொடுப்பதுதான். அப்படியிருக்க, கொடுத்த மறுநிமிடமே குளிரால் அதைத் தணித்தால் என்னவாகும்?

ஜப்பானில் யமானேயும் உடன் ஆய்வாளர்களும் 2006-லேயே, பயிற்சிக்குப் பின் உறுப்புகளைத் தொடர்ந்து குளிர்வித்தால் பயிற்சியின் பலன் குறைகிறது என்று எச்சரித்தார்கள். பரவலாகக் கவனம் பெற்றது 2015-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆய்வு. லியன் ராபர்ட்ஸ், ஜோனதன் பீக் முதலானோர் 21 ஆண்களுக்கு 12 வாரம், வாரம் இரு முறை கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி முடிந்ததும் ஒரு பிரிவினர் 10 டிகிரி நீரில் 10 நிமிடம் அமர்ந்தார்கள்; மறு பிரிவினர் அந்த நேரத்தில் நிலையான மிதிவண்டியை மெதுவாக மிதித்தார்கள். முடிவில் மிதித்தவர்களின் தசையும் வலிமையும் தெளிவாகவே அதிகம் வளர்ந்திருந்தன. புதுத் தசைக்கு உதவும் துணைச் செல்களும், புரத உருவாக்கத்தைத் தூண்டும் சமிக்ஞைகளும் குளிர்நீரில் இருந்தவர்களிடம் மந்தமாயிருந்தன.

2020-இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் ஆய்வாளர்கள் இதை ஒரே உடலுக்குள் சோதித்தார்கள். 12 இளைஞர்கள் இரண்டு வாரம் பயிற்சி செய்தார்கள். ஒவ்வொரு முறையும் அவர்களின் ஒரு கால் 8 டிகிரி நீரிலும் மற்றக் கால் 30 டிகிரி நீரிலும் 20 நிமிடம் இருந்தன. உணவு, உறக்கம், மரபு எல்லாம் இரு கால்களுக்கும் பொது. ஆயினும் குளிர்ந்த காலில் புதுத் தசைப்புரதம் உருவாகும் வேகம் குறைந்தே இருந்தது.

சகிப்புத்திறன் பயிற்சிக்கு இந்தத் தடை பொருந்தவில்லை. ஓட்டம், மிதிவண்டி போன்றவற்றில் தொடர்ந்து குளிர்நீர் எடுத்தவர்களின் முன்னேற்றம் பாதிக்கப்படவில்லை என்று 2021-இல் வெளியான தொகுப்பாய்வு கூறியது. கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய விளையாட்டுக் கழகத்தில் போட்டி மிதிவண்டி வீரர்களை வைத்துச் செய்த ஆய்விலும் கேடு தென்படவில்லை.

எனவே காலம் பார்த்துப் பயன்படுத்துவதே அறிவு. போட்டிக்காலம் தொடங்குமுன் வலிமை கூட்டும் மாதங்களில், எடைப் பயிற்சியை ஒட்டி இதைத் தவிர்க்க வேண்டும். ஒரே வாரத்தில் மூன்று ஆட்டங்கள், காலையில் தகுதிச் சுற்றும் மாலையில் இறுதிச் சுற்றும் என்ற நெருக்கடி வரும்போது தாராளமாக எடுக்கலாம். அங்கே இலக்கு அடுத்த ஆட்டம். தசை வளர்ச்சிக்கு அது நேரமில்லை. பள்ளி, கல்லூரி அணிகளில் வளரும் பிள்ளைகள், தொலைக்காட்சியில் பார்த்த நட்சத்திரங்களைப் போல ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் இதில் இறங்குவது எனக்குக் கவலை தருகிறது. அவர்கள் வலிமையைக் கட்டும் வயதில் இருப்பவர்கள். மேலும், இதுவரையான ஆய்வுகளில் பெரும்பாலானவை இளம் ஆண்களை வைத்தே நடந்தவை. பெண்களை வைத்து நடந்தவை மிகச் சில.

ஒத்த முறைகள்

வெந்நீரிலும் குளிர்நீரிலும் மாறி மாறி இறங்குவது ஒரு முறை. சும்மா இருப்பதைவிட அது வலியைத் தணிக்கிறது. மற்றொன்று, மைனஸ் 110 டிகிரிக்கும் கீழே குளிர்விக்கப்பட்ட காற்றறையில் இரண்டு மூன்று நிமிடம் நிற்பது. ஜப்பானிய மருத்துவர் தோஷிமா யமவுச்சி 1970-களின் இறுதியில் முடக்குவாத நோயாளிகளுக்காக இதை உருவாக்கினார். காற்று வெப்பத்தை மெதுவாகவே கடத்துவதால், மிரட்டும் அந்த எண்ணுக்கு ஏற்ற அளவு தசை குளிர்வதில்லை. தோலுக்கோ அது ஆபத்து. 2011-இல் அமெரிக்க விரைவோட்ட வீரர் ஜஸ்டின் காட்லின் ஈரக் காலுறையோடு அத்தகைய அறைக்குள் போய், உலகத் தடகளப் போட்டிக்குச் சற்று முன்பு பாதங்களில் உறைபனிப் புண்களோடு வெளியே வந்தார்.

ஆபத்துகள்

குளிர்நீரில் இறங்கிய முதல் ஓரிரு நிமிடங்களே மிக அபாயமானவை. தோல் சட்டெனக் குளிரும்போது மூச்சு தன்னையறியாமல் உள்ளிழுக்கப்பட்டு, அடுத்தடுத்து வேகமாக வாங்குகிறது. நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன. இந்த அதிர்ச்சி ஏறத்தாழ 30 வினாடியில் உச்சத்தை எட்டிச் சில நிமிடங்களில் அடங்கும். இதைப் பல்லாண்டு ஆராய்ந்தவர் பிரிட்டனின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தின் மைக் டிப்டன். தலையையும் சேர்த்து முக்கினால் வேறொரு சிக்கல் எழுகிறது. முகத்தில் படும் குளிர் இதயத்தை மெதுவாகத் துடிக்கச் சொல்கிறது. உடலில் படும் குளிர் வேகமாகத் துடிக்கச் சொல்கிறது. இரு கட்டளைகளும் மோதும்போது, நலமானவர்களுக்கும் இதயத் துடிப்பு தாளம் தவறக்கூடும் என்று டிப்டனும் மைக்கேல் ஷாட்டக்கும் 2012-இல் எழுதினார்கள்.

இதய நோய், கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம், குளிர்பட்டால் விரல்கள் வெளிறும் ரேனாட் நோய், குளிரால் தோல் தடிக்கும் ஒவ்வாமை ஆகியவை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. யாரும் தனியாக இறங்கக் கூடாது. மெல்ல, கால் முதலாக இறங்கி, மூச்சு சீராகும்வரை பொறுத்திருப்பதும், தலையை வெளியே வைத்துக்கொள்வதும் நல்லது.

வெப்ப நாட்டில் தொட்டி அமைத்தல்

குளிர்நாடுகளில் குழாயைத் திறந்தாலே தேவையான குளிர் கிடைத்துவிடும். தமிழ்நாட்டிலும் இலங்கையின் சமவெளிகளிலும் அது நடக்காது. 30 டிகிரியில் இருக்கும் 300 லிட்டர் நீரை 12 டிகிரிக்குக் கொண்டுவர, வெப்பக் கணக்குப்படி ஏறத்தாழ 60 கிலோ பனிக்கட்டி வேண்டும். வெயிலிலும் தொட்டிச் சுவரிலும் கசியும் வெப்பத்துக்கும், உள்ளே இறங்கும் உடல்களுக்கும் இதற்கு மேல் போட வேண்டியிருக்கும். மீன்பிடித் துறைமுகங்களை ஒட்டிய ஐஸ் கம்பெனிகளில் பாளமாக வாங்கலாம் என்றாலும், அந்த ஐஸ் எந்த நீரில் உறைந்தது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பல பேர் ஒரே தொட்டியில் இறங்குவதாயிருந்தால் நீருக்குக் குளோரின் தேவை; புண் உள்ளவரை அனுமதிக்கக் கூடாது. கையால் தொட்டுப் பார்த்து வெப்பநிலையை ஊகிப்பதைவிட ஒரு வெப்பமானியை மிதக்கவிடுவதே சரி.

வெப்பத்தாக்கில் குளிர்நீர்

குளிர்நீரின் மிக உறுதியான பயன் தசைவலியில் இல்லை, இங்கேதான் இருக்கிறது. கடும் உழைப்பால் உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, மூளை தடுமாறத் தொடங்குவது உழைப்புசார் வெப்பத்தாக்கு. ஓடிக்கொண்டிருந்தவர் தள்ளாடுவார், உளறுவார், கோபப்படுவார், பிறகு சரிந்து விழுவார். அப்போது உறுப்புகள் வெந்துகொண்டிருக்கின்றன. எவ்வளவு உயர்ந்த வெப்பம் என்பதைவிட, அந்த வெப்பத்தில் எவ்வளவு நேரம் இருந்தார் என்பதே உயிரை முடிவுசெய்கிறது. சரிந்து விழுந்த 30 நிமிடத்துக்குள் உள்வெப்பத்தை ஏறத்தாழ 39 டிகிரிக்கு இறக்கிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய உறுதி.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆகஸ்டு வெயிலில் நடக்கும் ஃபால்மவுத் சாலையோட்டம் இதற்குச் சான்று. 18 ஆண்டுகளில் அங்கே 274 பேருக்கு வெப்பத்தாக்கு ஏற்பட்டது. எல்லோரையும் முடிவுக்கோட்டருகே இருந்த ஐஸ் தொட்டிகளில் இறக்கினார்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.22 டிகிரி வீதம் உடல் குளிர்ந்தது. 274 பேரும் பிழைத்தார்கள். பெரும்பாலோர் மருத்துவமனைக்கே போகாமல் வீடு திரும்பினார்கள்.

இந்த முறையை அமெரிக்க விளையாட்டுத் திடல்களில் நிலைநாட்டப் பாடுபட்டவர் டக்ளஸ் காசா. 1985-இல், பள்ளி வயதில், 10,000 மீட்டர் ஓடும்போது வெப்பத்தாக்கால் விழுந்து பிழைத்தவர் அவர். 2001 ஆகஸ்டு 1 அன்று மினசோட்டா வைக்கிங்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் வீரர் கோரி ஸ்டிரிங்கர், முந்தைய நாள் பயிற்சியில் ஏற்பட்ட வெப்பத்தாக்கால் 27 வயதில் இறந்தார். அவர் பெயரால் 2010-இல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய நிறுவனத்துக்குக் காசாவே தலைவரானார். முதலில் குளிர்வி, பிறகு மருத்துவமனைக்கு ஏற்று என்பது அங்கிருந்து பரவிய விதி. ஆம்புலன்சை எதிர்பார்த்து ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருக்கும் நிமிடங்கள்தாம் உயிரைக் குடிக்கின்றன.

குளிர்ந்த நீர் தோலின் குழாய்களைச் சுருக்கி வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும் என்ற பழைய அச்சம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. கொதிக்கும் உடலில் அப்படி நடப்பதில்லை. கனடாவில் 2003-இல் செய்த சோதனையில், பயிற்சியால் சூடேறிய உடல் 2 டிகிரி நீரில்தான் மிக வேகமாக, நிமிடத்துக்கு 0.35 டிகிரி வீதம், குளிர்ந்தது. தசைக்கான குளியலில் மிதமான குளிர் போதும். இங்கே கிடைக்கும் அளவுக்குக் குளிர்ந்த நீரே வேண்டும். வெப்பநிலையை மலக்குடல் வழியாக அளக்க வேண்டும். நெற்றியிலோ அக்குளிலோ வைத்தால் தப்பான அளவு வரும். உள்வெப்பம் 39 டிகிரிக்கு இறங்கியதும் வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லையேல் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும்.

தொட்டி இல்லாத திடலில் ஒரு தார்ப்பாய் போதும். விழுந்தவரை அதன் நடுவில் படுக்கவைத்து, நான்கைந்து பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடிக்க, உடலைச் சுற்றி நீரும் பனிக்கட்டியும் கொட்டப்படுகின்றன. பிடித்தவர்கள் தார்ப்பாயை இப்படியும் அப்படியுமாக ஆட்டி, உடலை ஒட்டி வெதுவெதுப்பாகும் நீரைக் கலைத்துக்கொண்டே இருப்பார்கள். ஒருவர் தலைமாட்டில் இருந்து முகத்தை நீருக்கு மேலே தாங்கிப்பிடிப்பார்.